மழைக்குழாய் அடைப்பு: வலையா, ஜாலியா, ஏணியா?

ஐப்பசியின் முதல் கனமழை பெய்த மறுநாள் காலை, கோவையிலிருந்து கரூர் வரை எந்த ஊரிலும் பிளம்பர் லேசில் கிடைக்க மாட்டார். மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர், படுக்கையறைச் சுவரில் ஈரம், கீழே மழைநீர்த் தொட்டியில் ஒரு குடம்கூட ஏறவில்லை என்று நாலா பக்கமும் அவருக்கு அழைப்பு வரும். வந்தவர் குழாயின் வளைவுத் துண்டான எல்போவைத் தட்டிக் கழற்றுவார், உள்ளே இருந்ததை வாரி எறிவார், "மேலே ஒரு வலையைக் கட்டிவிட்டால் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். போதாது. அடுத்த மழையில் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வலையாகத்தான் இருக்கும்.

கூரைத் தண்ணீரைப் பிடிக்க நினைக்கும் வீட்டுக்காரர் முன்னால் இன்று பல வழிகள் இருக்கின்றன. ஏணி போட்டு ஏறிக் கையால் அள்ளலாம். கூரை ஓரத்து வாய்க்கால் மேல் வலை விரிக்கலாம். குழாய் வாயில் கூம்பு ஜாலி, அதாவது கூம்பு வடிவச் சல்லடை மூடி, வைக்கலாம். சரிவு வலைப் பெட்டி, முதல் மழையைக் கழிக்கும் குழாய், மணல் தொட்டி, கடையில் விற்கும் வடிகட்டி என்றும் போகலாம். கடைக்காரர் எதைப் புகழ்ந்தாலும், இவற்றில் எதுவும் குப்பையை ஒழிப்பதில்லை. அது நிற்கிற இடத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இதைப் போட்டால் குப்பை எங்கே நிற்கும், அங்கே யார் கை எட்டும்?

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கோவை, திருப்பூர் வட்டாரங்களுக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மி.மீ. மழைதான் வாய்த்திருக்கிறது. 600 என்றே வைத்துக்கொண்டு, தெறித்தும் காய்ந்தும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 44,000 லிட்டருக்கு மேல் கைக்கு வரும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டு உப்புத் தண்ணீரை இறைக்கிற ஊரில் இது சின்னத் தொகை அல்ல. அடைப்பின் மறுபக்கமும் ஒரு கணக்கு உண்டு. கைப்பிடிச் சுவர் சூழ்ந்த அதே மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னைத் தாண்டும். தளம் ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிடும் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி குழாய் வாயில் கிடக்கும் ஒரு பிடி இலை.

காற்று கொண்டுவருவது, மழை தள்ளிவிடுவது

நம் பக்கத்துக் குப்பைக்கு ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் வடிகட்டி வாங்குவது வீண். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை கொட்டுகின்றன. சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து கூரையெங்கும் தூளாகக் கிடக்கிறது. அதன்மேல் கோடை மழை விழுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசி எறியும் மண்ணும் சருகும் ஒவ்வொரு மூலையிலும் ஒதுங்குகின்றன. காற்றாலைக்காரர்களுக்கு வரும்படி, கூரைக்குப் பாரம். ஆவணியை ஒட்டி மயில்கள் தோகையை உதிர்க்கின்றன; தோட்டத்து வீடுகளில் மயில் கூட்டம் ஓட்டின்மேல் உலாவி இரண்டு ஓட்டை நகர்த்தி, எச்சமிட்டு, ஒரு இறகையும் விட்டுவிட்டுத்தான் இறங்கும். இத்தனையும் சேர்ந்து காய்ந்து கிடக்கும்போது ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து ஒரே தள்ளாகக் குழாய்க்குள் இறக்கிவிடுகிறது. மாதம் முழுக்கத் தூறும் ஊர்களில் குப்பை சிறிது சிறிதாகக் கழுவப்படும். நமக்கு அந்த வசதி இல்லை. மூன்று மாதக் குப்பை முதல் அரை மணி நேரத்தில் இறங்கும்.

ஊருக்கு ஊர் சரக்கும் மாறும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பன்னாடை, பாளைச் சிம்பு, தென்னம்பூ, நார் ஆலைகளிலிருந்து பறந்துவரும் தூள். சோமனூர், பல்லடம், திருப்பூரில் பஞ்சுத் தூசியும் பனியன் வெட்டுத் துணியின் இழைகளும். காங்கேயத்தில் அரிசி ஆலைகளின் உமியும் சாம்பலும். ஊரை விட்டு வெளியே வந்தால் கொறங்காட்டு (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரத்தின் பொடி இலை. நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைகளை ஒட்டிய வீடுகளில் இறகு. புளி, முருங்கை, வெள்வேல் ஆகிய மூன்றும் எந்த வலைக்கும் எதிரி. அவற்றின் சிற்றிலை பெரிய கண்ணில் நுழைந்துவிடும், சின்னக் கண்ணை அப்பிக்கொள்ளும்.

அடைத்த எல்போ ஒன்றைக் கழற்றி வெயிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் அது எப்படி உருவானது என்று வரிசையாகத் தெரியும். அடியில் வேப்பிலையின் காம்புகள், இலைகள் உதிர்ந்துபோன வெறும் ஈர்க்குகள், குழாயின் வளைவில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கியிருக்கும். முதலில் மாட்டிக்கொள்வது அந்தக் காம்புதான், இலை அல்ல. அதன்மேல் இலைகள் படியும். இலை இடுக்கில் பஞ்சுத் தூசி பாய் விரிக்கும். அப்புறம் ஆடிக் காற்றின் செம்மண் வந்து பூசி மெழுகும். காய்ந்தபின் எடுத்தால் வறட்டி போல ஒரே வில்லையாக வரும். கையால் பிய்க்க முடியாது. இதன்மேல் அணில் வேறு நாரும் பஞ்சும் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தால் நிறைந்தது. காம்பு குறுக்கே சிக்கும் இடம் வளைவு என்பதால், குழாயில் ஒரு வளைவைக் குறைத்தாலே அடைப்புக்கான வாய்ப்புகளில் ஒன்று குறைகிறது. புது வீடு கட்டுபவர்கள் பிளம்பரிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். வளைவு தவிர்க்க முடியாத இடத்தில் திருகுமூடி உள்ள டோர் பெண்ட் போடச் சொல்லுங்கள். சாதாரண எல்போவைவிடக் கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் அடைத்தால் ரம்பம் வேண்டாம், கை போதும்.

ஏணி

மிகப் பழைய வழி, இன்னும் பல வீடுகளுக்கு மிக நல்ல வழி. ஒரே தளமுள்ள ஓட்டு வீடு, தாழ்வார ஓரத்தில் தகர வாய்க்கால், ஏறக்கூடிய ஓர் ஆள்: இது இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. குப்பை மேலே, திறந்த வாய்க்காலில், பார்த்தால் தெரிகிற இடத்தில் நிற்கிறது.

ஆனால் செய்கிற முறையில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஓஸ் குழாயை எடுத்துப் பீய்ச்சி அடித்தால் வாய்க்கால் பளிச்சென்று ஆகும், குப்பை முழுவதும் இறங்குகுழாய்க்குள் போய்விடும். முதலில் குழாய் வாயைப் பழந்துணியால் அடைத்துவிட்டு, உலர்ந்த நிலையில் அள்ள வேண்டும். காலி எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டினால் வாய்க்காலின் அகலத்துக்குப் பொருந்தும் நல்ல அள்ளி கிடைக்கும். கூர்மையான இரும்பு எதுவும் தகரத்தின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். அள்ளியது வீண் அல்ல, மக்கிய இலை. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போட்டால் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஏணியை வாய்க்கால் மேல் சாய்க்காதீர்கள். தகரம் நசுங்கி அங்கேயே தண்ணீர் தேங்கும். சுவரில்தான் சாய்க்க வேண்டும், கீழே ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி தாழ்வாரத்தை ஒட்டியே போகிற வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். மழை ஈரத்தில் எந்த ஏணியும் வேண்டாம்.

பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் அப்புச்சியும் அமுச்சியும் தனியாக இருக்கிறார்கள் என்றால் இந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். "நான் ஏறாத மரமா சாமி?" என்று அப்புச்சி சொல்வார். சொல்லட்டும்.

வலை

கூரை வாய்க்கால் முழுவதையும் வலையால் மூடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தென்னை, மா, பாதாம் போன்ற பெரிய இலை மரங்களின் கீழ் இது வேலை செய்யும். விரல் நுழையும் அளவுக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூரையின் சரிவோடு ஒட்டியே சாய்த்துப் பொருத்தினால் காய்ந்த இலை ஆடிக் காற்றில் தானாகவே பறந்துவிடும். நம் ஊர்க் காற்றால் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இது, விட்டுவிடக் கூடாது.

வேம்பு, புளி, வெள்வேல் அருகில் இருந்தால் இந்த வழி சரிப்படாது. பெரிய கண்ணில் எல்லாம் நுழையும், நுழைந்தது வலைக்கு அடியில் மக்கும், மேலிருந்து பார்க்கும்போது வாய்க்கால் சுத்தமாகவே தெரியும். வலையைக் கழற்றாமல் அள்ளவும் முடியாது. முன்பு ஒரு வேலை, இப்போது இரண்டு. கொசுவலை கட்டுவதோ இதைவிட மோசம். அரை மணி மழையில் ஈர இலையும் தூசியும் அதைத் தகடாக மாற்றிவிடும். தண்ணீர் வாய்க்காலுக்குள் போகாமல் வலைமேல் வழுக்கி வாசலில் விழும். நைலான் வலை வெயிலில் பொரிந்து, அதன் துணுக்குகளும் குழாயில் சேரும். கொசுவலைக்கு உரிய இடம் தொட்டியின் காற்றுக்குழாயும் வழிவுகுழாயும்தான். அங்கே கட்டாயம் வேண்டும், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் கொசு தேடுவது தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும்.

குழாய் வாயில் ஜாலி

தார்சு வீட்டுக்காரர்களுக்கு, அதாவது தட்டையான கான்கிரீட் மாடி உள்ளவர்களுக்கு, வாய்க்கால் கிடையாது. மாடி முழுவதுமே வாய்க்கால். தண்ணீர் இறங்கும் வாயில் தட்டையான ஜாலி இருந்தால் இரண்டு பாதாம் இலை போதும், மூடிவிடும். அதே இடத்தில் கூம்பு ஜாலி வைத்தால் அடியில் இலை படிந்தாலும் மேல்பக்கக் கண்களில் தண்ணீர் இறங்கும். இருவர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசுக்குள் கிடைக்கும் பொருள் இது. மாடி வீட்டில் இதை வாங்காமல் வேறு எதையும் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்தில் பல வீடுகளில் தண்ணீர் தளத்தில் நேராக இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவரின் அடியில் பக்கவாட்டில் துளைத்த குழாய் வழியாகப் போகிறது. அதற்குக் கூம்பு பொருந்தாது. அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, துருப்பிடிக்காத கம்பி வலையில் ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரத்தில் மூலைக் கூண்டு செய்துகொள்ள வேண்டும். குழாய் வாயின் பரப்பைவிடக் கூண்டின் கண்களின் மொத்தப் பரப்பு பல மடங்கு இருக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். பாதி அடைத்தாலும் மீதியில் தண்ணீர் போகும். செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பவர்களும் உண்டு. செங்கல் கரைந்து அதுவே மண்ணாகக் குழாய்க்குள் இறங்குவதை அவர்கள் பார்ப்பதில்லை.

குழாயின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் கொட்டும் மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 450 சதுர அடித் தளத்துக்குத்தான் ஈடுகொடுக்கும். ஆயிரம் சதுர அடிக்கு ஒரே குழாய், அதுவும் இரண்டரை அங்குலம் என்று இருக்கும் வீட்டில் அடைப்பே இல்லாவிட்டாலும் தண்ணீர் தேங்கும். ஜாலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரிவு வலைப் பெட்டி

என் ஓட்டு இதற்குத்தான். இறங்குகுழாயை நெஞ்சு உயரத்தில் அறுத்து, இடையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் துருப்பிடிக்காத எஃகு வலை. மேலிருந்து வரும் தண்ணீர் வலையைத் துளைத்து அடியில் உள்ள குழாய்க்குப் போகும். இலையும் காம்பும் இறகும் சரிவில் வழுக்கி முன்பக்கமாக வெளியே விழும். மழை நின்றபின் வாசல் கூட்டும்போது அதையும் கூட்டிவிடலாம். சரிவு குறைந்தால் இலை நிற்கும், கூடினால் தண்ணீரும் இலையோடு வெளியே போகும். ஆகையால் வலையைத் திருகாணியில் மாட்டி, ஓரிரு மழை பார்த்துச் சாய்வைச் சரிசெய்ய வழி வைத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரைச் சுற்றி லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? படம் வரைந்து கொடுத்தால் செய்து கொடுத்துவிடுவார்கள்.

கனமழையில் இதில் கொஞ்சம் தண்ணீர் தெறித்து வீணாகும். வீணாகட்டும். பஞ்சுத் தூசி வலையில் அப்பிக்கொள்வதுதான் திருப்பூர்க்காரர்களுக்கு நிஜமான தொல்லை. பாத்திரம் தேய்க்கும் பிரஷால் அவ்வப்போது இரண்டு இழுப்பு இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் அதைத் தரையில் நின்றபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் செய்யலாம். அடைத்தால் வாசலிலேயே தண்ணீர் கொட்டும், வீட்டில் உள்ள யாருக்கும் தெரியும். மாடியில் ஒளிந்துகொண்டு அடைக்கும் சாதனத்தைவிட, வாசலில் நின்று சத்தம் போடும் சாதனம் மேல்.

பெட்டிக்குக் கீழே தொட்டி இருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. தரைக்கடித் தொட்டியான சம்புக்கு விடும் வீட்டில் பிரச்சினையே இல்லை. தரைமேல் ஆளுயரத் தொட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தொட்டிக்கும் மேலே தூக்க வேண்டும். அப்போது நெஞ்சு உயர வசதி போய், ஒரு முக்காலி தேவைப்படும். அப்படியும் ஏணியைவிட நல்லது.

முதல் மழையைக் கழித்தல்

இதை இலைக்கு மருந்தாக நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். எச்சம், தூசி, சாம்பல் கரைந்த முதல் கலங்கலைத் தொட்டிக்குப் போகவிடாமல் ஒரு தனிக் குழாயில் பிடித்துவைப்பதே இதன் வேலை. அந்தக் குழாய் நிறைந்ததும் உள்ளே மிதக்கும் பந்து அதன் வாயை மூடும், அடுத்து வரும் தண்ணீர் தொட்டிக்குப் போகும்; பிடித்தது அடித்துளை வழியாகச் சொட்டிக் காலியாகும். இலை உள்ளே வந்தால் மிதக்கும் பந்து சரியாக உட்காராது, அடியில் சொட்டும் துளை சேற்றில் அடைபடும், பிடித்த கலங்கல் தேங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகும். எனவே இது எப்போதும் ஜாலிக்கும் சரிவு வலைக்கும் அடுத்து வர வேண்டியது.

அளவில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கூரையில் விழும் முதல் ஒரு மி.மீ. மழையைக் கழிக்க வேண்டும் என்றால் ஆயிரம் சதுர அடிக்கு 93 லிட்டர் பிடிக்கிற இடம் வேண்டும். 4 அங்குலக் குழாய் 10 அடி நீளத்தில் பிடிப்பது 26 லிட்டர் அளவுதான். அது 280 சதுர அடிக்கே சரி. 6 அங்குலக் குழாய் மீட்டருக்கு 18 லிட்டர்; அதிலும் ஐந்து மீட்டர் நிறுத்த வேண்டும். ஒரே தள வீட்டில் அதற்கு இடமில்லை. நூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை ஓரமாக வைத்து, அடியில் வால்வு போட்டுவிடுவது மலிவு, எளிது.

இங்கே ஊரைப் பொறுத்து முடிவு மாறும். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் மழைக்கும் மழைக்கும் இடையில் நீண்ட இடைவெளி. கூரையில் தூசி மண்டியிருக்கும். தாராளமாகக் கழியுங்கள், இரண்டு மி.மீ. போனாலும் போகட்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்மேற்குச் சாரல் நாள்தோறும் துளித்துளியாக விழும்போது, தானாகச் சொட்டிக் காலியாகும் குழாய் ஒவ்வொரு சாரலின் முதல் தண்ணீரையும் திரும்பத் திரும்ப விழுங்கிவிடும்; தொட்டிக்கு மிச்சம் குறையும். கூரையோ நேற்றைய சாரலிலேயே கழுவப்பட்டிருக்கிறது. அங்கே கையால் திருப்பும் வால்வு உத்தமம்: பருவத்தின் முதல் மழைக்கும், நாலைந்து நாள் வெயில் அடித்தபின் வரும் மழைக்கும் மட்டும் திறந்தால் போதும்.

மணல் தொட்டியும் கடை வடிகட்டியும்

ஜல்லி, மணல், கரி அடுக்கிய தொட்டி தண்ணீரைத் தெளிய வைக்கும். அதில் இலையை விட்டால் மேல் மணல் மூடி, தண்ணீர் நேரே வழிந்தோடும். மேலே ஒரு நைலான் வலையை விரித்து அதன்மேல் ஒரு பிடி ஜல்லி போட்டு வைத்தால், வருடத்துக்கு ஒருமுறை வலையோடு தூக்கி அலசிவிட்டு மறுபடி விரிக்கலாம். இப்படிச் செய்யாதவர்கள் தொட்டி மணல் முழுவதையும் அள்ளிக் கழுவ நேரிடும், பாதியில் விட்டுவிடுவார்கள்.

சுவரில் மாட்டும் கடை வடிகட்டிகள் கெட்டவை அல்ல. உள்ளே எஃகுச் சல்லடை உருளை, அழுக்கு வெளியேறத் தனி வழி, கழற்றிக் கழுவலாம். வாங்குமுன் எத்தனை சதுர அடிக்கு, எவ்வளவு மழை வேகத்துக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். சல்லடை தனியாகக் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வடிகட்டியைப் பத்தடி உயரத்தில் மாட்டுகிறேன் என்று வேலையாள் சொன்னால் தடுத்துவிடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

புளியமரத்தடி ஓட்டு வீட்டுக்கு வலையே வேண்டாம். ஆறு அங்குல அகலத்துக்குக் குறையாத திறந்த வாய்க்கால், மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, ஒரு முனையில் கழற்றும் மூடி, கீழே சரிவு வலைப் பெட்டி. வாய்க்காலின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும்; அடைத்தால் தண்ணீர் வாசல் பக்கம் வழியும், சுவருக்குள் இறங்காது. இதையே விசைத்தறிக் கொட்டகைக்கும் குடோனுக்கும் சொல்வேன், இன்னும் அழுத்தமாக. நூறடி நீள வாய்க்காலுக்கு ஒரு முனையில் மட்டும் குழாய் வைத்து, அது அடைத்தால் தண்ணீர் இறங்குவது தறியின் மேலும் நூல் மூட்டையின் மேலும்தான். இரு முனையிலும் குழாய் வேண்டும். கல்நார் சிமெண்ட் அட்டை வேய்ந்த கொட்டகைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், கிணற்றுக்கோ செடிக்கோ விடுங்கள்.

மாடி வீடு என்றால் கூண்டு அல்லது கூம்பு ஜாலி, டோர் பெண்ட், சரிவு வலைப் பெட்டி, குடிநீருக்குப் பிடிப்பதானால் டிரம். குடிக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்க வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் ஒரு வழிவுகுழாயைத் துளைத்து வெளியே நீட்டிவிடுங்கள். பையில் காசு ஒரே ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு வேலை இதுவாக இருக்கட்டும்.

திருப்பூர் லைன் வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. பத்துக் குடித்தனம், ஒரே மாடி, யாருக்கும் பொறுப்பில்லை. வீட்டுக்காரர் வாடகை வாங்கத்தான் வருவார். அங்கே மாடியில் எதை வைத்தாலும் அது காயப்போட்ட துணிக்கும் வடகத்துக்கும் நடுவில் மறக்கப்படும். குழாயடி அருகே, தண்ணீர் பிடிக்க வரும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பெட்டியை வைத்தால் யாராவது ஒருவர் துடைத்துவிடுவார்.

தோட்டத்தில் திறந்த கிணறு இருந்தால் குழாய்ப் பேச்சையே விட்டுவிடலாம். பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நடுத் தொட்டியில் விழுந்து, ஒரே சலதாரை வழியாக வெளியேறும். பார்க்க வேண்டிய துளை ஒன்றே ஒன்று, அதுவும் காலடியில். அதே முறையில் தாழ்வாரத் தண்ணீரைத் தரையில் கல் பாவிய வாய்க்காலில் விட்டு, கிணற்றுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி வண்டல் குழி ஒன்று எடுத்து, தெளிந்தது மட்டும் வழிந்து கிணற்றில் விழச் செய்யலாம். சம்மட்டியும் கடப்பாரையும் போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு மட்டும் இந்தத் தாராளம் கூடாது. வண்டல் கலந்த தண்ணீர் நம் ஊர்க் கரும்பாறையின் வெடிப்புகளில் புகுந்து அடைத்துவிட்டால் எந்த பிளம்பராலும் எடுக்க முடியாது. அங்கே மணல் தொட்டி கட்டாயம்.

எந்த வழியை எடுத்தாலும் வருடம் இரண்டு முறை பார்த்தாக வேண்டும். வேம்பு கொட்டி முடிந்து சித்திரைக் கனிக்கு வீடு கழுவும்போது ஒன்று; ஆயுத பூசைக்குத் தறியையும் மோட்டாரையும் துடைக்கும்போது இன்னொன்று. இரண்டாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருவதால் அதைத் தவறவிடக் கூடாது. பார்த்து முடித்ததும் மாடிக் குழாய் வாயில் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, கீழே ஒருவரை நிறுத்தி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று கடைசி வரை பின்தொடரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட 2003இல் அவசர அவசரமாகப் போட்ட குழாய்கள் பல இன்னும் சுவரில் இருக்கின்றன. அவை போய் முடியும் குழிகள் மண் மூடி, சிலவற்றின் மேல் டைல்ஸ் பதித்து, வண்டியும் நிறுத்தியாயிற்று. உங்கள் குழாயும் அப்படித்தான் முடிகிறது என்றால் வலை, ஜாலி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்தக் குழியைத் தோண்டி எடுங்கள்.